ஒரு மூலைக்குழி போதும்

நகராட்சி அலுவலகத்தின் மாடியில், நடைபாதை முடிகிற இடத்தில் இருக்கும் அறையில் பகலிலும் விளக்கு எரியும். ஜன்னல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வரைபட அலமாரியை வேறெங்கும் வைக்க இடமில்லாமல் ஜன்னலை மறைத்தே வைத்துவிட்டார்கள். அந்த அலமாரிக்கு முன்னால் உயரமான முக்காலியில் உட்கார்ந்து, ஊரில் யார் எங்கே என்ன கட்டலாம் என்று பார்த்துச் சொல்லும் பெண்ணுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் மட்டும் அது பிழைத்துக் கிடந்தது. ஊருக்கு அவள் கோட்டக்கா.

யார் வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தாலும் முதல் வேலையாகச் சிவப்புப் பென்சிலை எடுத்து, காயல் கரையிலிருந்து விலக வேண்டிய தூரத்துக்கு ஒரு கோடு இழுப்பாள். "கோட்டுக்கு இந்தப் பக்கம் மாளிகை கட்டுங்க, மணிக்கூண்டு கட்டுங்க. அந்தப் பக்கம் ஒரு கோழிக்கூண்டுகூடக் கூடாது" என்பாள். வந்தவர் கெஞ்சுவார், தலையைச் சொறிவார், தெரிந்தவர் பெயரைச் சொல்வார். கோடு நகராது.

அவள் கணவன் காயலில் சிப்பி வளர்ப்பவன். மிதவைகளிலிருந்து தண்ணீருக்குள் தொங்கும் கயிறுகளில் சிப்பிகள் கொத்துக் கொத்தாகப் பற்றி வளரும். பருவம் வந்ததும் கயிற்றை இழுத்து, உதிர்த்து, கழுவி, வெளியூர் வியாபாரிக்கு அனுப்புவான். அவன் கயிற்றுக்காரன். "கோட்டையும் கயித்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருக்காங்க, அவிழவா போகுது" என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். அவிழவில்லைதான். வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் மேல் வீசும் உப்பும் பாசியும் கலந்த வாடையை அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அது நல்ல தண்ணீரின் வாடை. கெட்ட தண்ணீரின் வாடை என்னவென்று பிறகுதான் தெரிய வந்தது.

கோட்டக்காவுக்குத் தன் வேலையில் ஒரு பெருமை உண்டு. அது கோடு அல்ல, குழி.

கட்டட அனுமதி வாங்கியவர் குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் அனுமதி செத்துப்போகும். தொடங்கிவிட்டாரா இல்லையா என்று பார்த்துச் சொல்வது முன்பெல்லாம் மேற்பார்வையாளர் வேலை. அவர் கண்ணுக்கு ஒரு வினோதமான நோய் இருந்தது. கையில் ஏதாவது வந்து விழுந்தால் பொட்டல் வெளியிலும் கட்டடம் தெரியும். விழாவிட்டால் இடுப்பளவுச் சுவர் எழும்பி நின்றாலும் எருக்கஞ்செடிதான் தெரியும். ஏழைகளின் அனுமதிதான் அதிகம் செத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கோட்டக்கா இதைப் பார்த்துக் கொதித்தாள். மேலதிகாரியிடம் போய் நின்று, "சார், மனையோட ஒரு மூலையில முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. குழி இருந்தா வேலை தொடங்கியாச்சு, இல்லன்னா இல்ல. குழியப் பார்க்கத் தனிக் கண்ணு எதுவும் வேண்டியதில்ல" என்றாள். அந்த அதிகாரி அபூர்வமாக நல்லவராக இருந்தார். அன்று முதல் மூலைக்குழி விதி ஆயிற்று. அளவுகோலை இறக்கிப் பார்த்தால் முடிந்தது. லஞ்சம் நுழைய இடுக்கு இல்லாத ஒரே விதி அந்த அலுவலகத்தில் அதுதான். அதை எழுதியவள் நான் என்று அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லாமலே நிமிர்ந்து நடந்தாள்.

இனி காயலுக்கு வருவோம். கடலுக்கும் ஊருக்கும் நடுவே கிடந்த அந்த நீர்ப்பரப்புக்கு வாய் சின்னது, வயிறு பெரியது. ஏற்றத்தில் கடல் உள்ளே வரும். இறக்கத்தில் வெளியே போகும். போன தண்ணீரில் பாதி வாசலிலேயே நின்றுவிட்டு மறுபடி உள்ளே வரும். சுற்றிலும் மணல். மணலில் வீடுகள், வீடுகளுக்குப் பின்னால் விடுதிகள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கழிவுத்தொட்டி. ஊருக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது. தொட்டியில் விழுந்தது மணலில் இறங்கும், மணல் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளாது, காயலிடம் கொடுத்துவிடும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று வரப்போவதாக ஒவ்வொரு தேர்தலிலும் சொன்னார்கள். அது தேர்தலோடு வந்து தேர்தலோடு போகிற விருந்தாளி.

இதைக் கேட்டால் ஊர் ஒரே பதில் சொல்லும்: "கடல் பாத்துக்கும்." படித்தவர், படிக்காதவர், மருத்துவர், மளிகைக்காரர், எல்லோர் வாயிலும் அதே இரண்டு சொல். கேள்வி கேட்காத நம்பிக்கைக்கு எதுவும் தடையாக இருப்பதில்லை, கண்ணெதிரே நாறும் தண்ணீர்கூட. கடலுக்குக் கையுமில்லை, துடைப்பமுமில்லை. நாம் போட்டதை அது எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று ஒருவராவது யோசித்திருந்தால் இந்தக் கதையை எழுத வேண்டியிருக்காது.

யோசிப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஒருவர் இருந்தார். சுகாதாரத் துறையின் நீர்ச் சோதனைக்காரர். ஐஸ் பெட்டியை பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். படகுத்துறையில் குனிந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார். மலக்கிருமி அளவுக்கு மேல் இருந்தால் படகுத்துறைக் கம்பத்தில் சிவப்புக் கொடி ஏறும். கொடி ஏறியிருக்கும் நாட்களில் சிப்பி எடுக்கக் கூடாது. சிப்பி தண்ணீரை உறிஞ்சி வடிகட்டி வாழ்கிற பிராணி. தண்ணீரில் என்ன இருக்கிறதோ அது சிப்பிக்குள் சேரும், சிப்பிக்குள் இருப்பது தின்பவர் வயிற்றில் சேரும்.

"அக்கா, உங்க ஊர்க்காரங்க யாரும் எங்கிட்ட எதையும் மறைக்க முடியாது" என்பார் சோதனைக்காரர். "நேத்து யார் வீட்ல வயித்துப்போக்குன்னு என் பாட்டில் சொல்லிடும்."

"சொல்லி என்ன பண்றது? கொடியத்தான ஏத்துறீங்க, வேற என்ன?"

"கொடிய ஏத்தத்தான் எனக்கு அதிகாரம். குழாய அடைக்க அதிகாரம் இருக்கறது உங்க ஆபீசுக்கு."

அந்தப் பதில் அவளைத் தைத்தது. முதலில் மழைக்குப் பிறகு மட்டும் கொடி ஏறியது. பிறகு விடுமுறைக் காலத்தில் விடுதிகள் நிரம்பியபோது ஏறியது. பிறகு கொடி இல்லாத நாளைப் பார்ப்பதே அரிதாயிற்று. கயிற்றுக்காரன் விடியலில் எழுந்து, வாசலில் நின்று, கூரைகளுக்கு மேல் தெரியும் கம்பத்தைப் பார்ப்பான். கொடி தெரிந்தால் பேசாமல் திரும்பி வந்து படுத்துக்கொள்வான். அவன் தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும்; அவளும் விழித்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும்.

அவளுக்கு வழி தெரிந்திருந்தது. நிலையம் வரும்வரை காயலைச் சுற்றிப் புதுக் கட்டடம் கூடாது. உள்ள தொட்டிகளைச் சரிசெய்ய வேண்டும், புதுத் தொட்டி சேரக் கூடாது. சோதனைக்காரரும் தலையாட்டினார். "இப்ப நிறுத்தினா தண்ணி தேறும் அக்கா. இன்னும் ஒரு தெரு சேர்ந்தாலும் சொல்ல முடியாது." அலுவலகத்தில் அவள் இதைச் சொன்னபோதெல்லாம் தேநீர் வந்ததா என்று கேட்டுப் பேச்சை மாற்றினார்கள்.

அப்புறம் ஒருநாள் தூரத்து நகரத்தில் ஒரு ஓட்டலில் இந்தக் காயலின் சிப்பியைத் தின்றவர்கள் கூட்டமாக மருத்துவமனையில் போய் விழுந்தார்கள். யாரோ கொடி நாளில் திருட்டுத்தனமாக எடுத்து விற்றது. தொலைக்காட்சியில் காயலைக் காட்டினார்கள். விடுதிகளில் அறையை ரத்து செய்தார்கள். அதுவரை கேட்காத காதுகள் அன்றே திறந்துகொண்டன.

நகராட்சித் தலைவர் கூட்டம் போட்டார். ஊரிலேயே பெரிய கம்பி, சிமெண்டுக் கடை அவருடையது. குரல் எப்போதும் குழைவாக இருக்கும். "தடை கொண்டுவரலாம். நானே ஆதரிக்கிறேன். கோட்டம்மா, நீங்களே எழுதுங்க. இதுல உங்கள விட்டா யாரு இருக்கா?"

அவள் முக்காலியில் உட்கார்ந்து, ஒரு குழந்தையைத் தூங்க வைப்பதுபோல அத்தனை கவனமாக அந்தத் தடையை எழுதினாள். எழுதும்போது பள்ளிப் பேருந்து ஓட்டுநர் நினைவுக்கு வந்தார். அவரும் மனைவியும் காயல் தெருவில் பாதிச் சுவர் எழுப்பிவிட்டு, தார்ப்பாய்க்கு அடியில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தடை வந்தால் அந்தச் சுவர் அப்படியே நிற்கும். பெரிய விடுதிகள் கட்டி முடித்து உட்கார்ந்திருக்க, தார்ப்பாய்க் குடும்பத்தை மட்டும் மழையில் நிறுத்துவதா நியாயம்? ஒரு வரி சேர்த்தாள்: தடை நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன்பே வேலை தொடங்கியவர்களுக்கு இது பொருந்தாது. தொடங்கியதற்கு அடையாளம்? அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மூலைக்குழி.

தலைவர் இரண்டே இரண்டு திருத்தம் கேட்டார். ஒன்று, மக்களுக்கு ஒரு மாதம் முன்னறிவிப்பு. "சொல்லாம கொள்ளாம செஞ்சா அது சர்வாதிகாரம் ஆயிடும்ல?" இரண்டு, சுத்திகரிப்பு நிலையம் இயங்கும்வரை தடை என்று அவள் எழுதியிருந்ததை, நிலையத்தின் வேலை தொடங்கும்வரை என்று மாற்றுவது. "தொடங்கிட்டா முடியாமலா போயிடும்?" அவளுக்கு இரண்டாவது கொஞ்சம் உறுத்தியது. ஆனால் இப்படி எழுதினாலாவது நிலையத்தைச் சீக்கிரம் தொடங்குவார்களே என்று தோன்றியது. சரி என்றாள். கைதட்டினார்கள். அன்று வீட்டுக்குப் போய்க் கயிற்றுக்காரனிடம், "நிறுத்திட்டோங்க" என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அவன் புதுக் கயிறு வாங்குவதைப் பற்றிப் பேசினான்.

அறிவிப்பு வெளிவந்த வாரம் ஊருக்குப் பைத்தியம் பிடித்தது.

முதலில் ஓரிரு மனைகளில் மண்வெட்டிச் சத்தம். பிறகு தெருவுக்குத் தெரு. பத்து வருடமாக ஆடு மேய்ந்த மனைகளுக்கெல்லாம் கையோடு அனுமதி வாங்கி ஆட்களை இறக்கினார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் தொலைபேசியில் மச்சானைப் பிடித்து, "எங்க மூலையிலும் ஒண்ணு வெட்டிடு" என்றார்கள். பேரன் பிறக்காதவர் பேரனுக்காக வெட்டினார். வீடு கட்டும் எண்ணமே இல்லாதவர்களுக்கும், நாளைக்கு முடியாது என்று சொன்னதும் இன்றைக்கே ஆசை வந்துவிட்டது. காயல் தெருவில் கோட்டக்கா நடந்து வந்தபோது பழக்கமான கொத்தனார் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

"அக்கா, உங்க புண்ணியத்துல நாங்க நல்லா இருக்கோம். குழி வெட்ட ஆளே கிடைக்கல. கடைசியில இடுகாட்ல வெட்றவன இழுத்துட்டு வந்திருக்காங்க."

"அவனுக்கு முழங்கால் ஆழம் போதும்னு தெரியுமா?"

"அதான் வம்பு. பழக்கதோஷம், ஆள் உயரத்துக்கு வெட்டிட்டான். வீட்டுக்காரம்மா பார்த்துட்டு ஓன்னு அழுதுட்டாங்க." அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு தெருவைப் பார்த்தாள். தெரு நெடுகக் குழிகள். ஒவ்வொன்றும் அவள் சொன்ன ஆழம். ஒவ்வொன்றும் சட்டப்படி சரி.

நேராகத் தலைவரின் கடைக்குப் போனாள். வாசலில் லாரிகள் வரிசை கட்டியிருந்தன.

"சார், அந்த விலக்கை எடுக்கணும். இல்லன்னா சுவர் எழுப்பினவங்களுக்கு மட்டும்னு மாத்தணும். பத்து வருஷத்துல வர வேண்டிய கட்டடம் ஒரே மாசத்துல வந்துடும்."

"உட்காருங்கம்மா. மோர் சாப்பிடுறீங்களா?"

"நான் மோர் குடிக்க வரல."

"கோபப்படாதீங்க. விலக்கு யாரு எழுதினது? நீங்க. குழி விதி யாரு கொண்டுவந்தது? அதுவும் நீங்கதான்னு கேள்விப்பட்டேன். ஜனங்க சட்டத்த மீறினா நான் தட்டிக் கேட்பேன். அவங்க சட்டத்த அப்படியே கடைப்பிடிக்கிறாங்க. உங்களுக்கு அதுல சந்தோஷம்தான வரணும்?"

"ஏழைக்காக எழுதினது சார் அது."

"ஏழைக்கு ஒரு குழி, எனக்கு ஒரு குழி. சமத்துவம்." அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. பணியாளைக் கூப்பிட்டு அடுத்த லாரியை உள்ளே விடச் சொன்னார்.

அவள் எழுத்துமூலமாகக் கேட்டாள், நேரில் கேட்டாள், கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டாள். அறிவித்த பிறகு மாற்றினால் வழக்குப் போடுவார்கள் என்றார்கள். முன்பு ஒருநாளும் வழக்குக்குப் பயப்படாதவர்கள் அவர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கொழுந்தன் சாப்பிட வந்தான். கணவனின் தம்பி, அண்ணனோடு சேர்ந்து அவனும் சிப்பி வளர்ப்பவன். எதிலும் பொறுமை இல்லாததால் வீட்டிலும் வெளியிலும் அவனுக்கு அவசரம் என்று பெயர். கையைக் கழுவும் முன்பே பேச்சை ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணி, நாளைக்கு நம்ம காயலோர மனைக்கு வந்து அளந்துடுங்க. வெட்டியாச்சு."

கயிற்றுக்காரனின் கை தட்டிலேயே நின்றது. கோட்டக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீயுமா?"

"ஊரே வெட்டுது, நான் மட்டும் மண்ண வச்சு அழகு பார்க்கணுமா?"

"டேய், அந்தத் தண்ணியில உன் கயிறும் தொங்குது."

"எத்தனை நாளைக்கு அண்ணி தொங்கும்? ஊர் முழுக்கக் குழி. நான் ஒருத்தன் வெட்டாம இருந்தா காயல் தப்பிச்சிடுமா? தப்பிக்காது. சிப்பியும் போய், மனையும் போய், ரெண்டு கையையும் விரிச்சிட்டு நிக்கச் சொல்றீங்களா? நாலு ரூம் போட்டா வாடகையாவது வரும்."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. அதனாலதான் தப்பிக்காது."

"அப்போ எல்லாரையும் நிறுத்துங்க. நிறுத்திட்டு என்கிட்ட வாங்க."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தம்பியைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் தண்ணீர் குடித்தான். பிறகு, "அளந்து குடுத்துடு. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான், அவன் நம்மாளுங்கறதுக்காக வேண்டாம்னு சொன்னா அதுவும் தப்புதான்" என்றான். திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் அளவுகோலோடு போனாள். காயலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மனை. ஒரு மூலையில் குழி, நேர்த்தியாக வெட்டியிருந்தான். அளவுகோலை இறக்கினாள். முழங்கால் ஆழம் சரியாக இருந்தது. ஆனால் அளவுகோலின் அடி ஈரமாக வந்தது. குனிந்து பார்த்தாள். குழியின் அடியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது, பழுப்பாக, மெல்லிய நுரையோடு. முகர்ந்து பார்க்கத் தேவையில்லை. வாடை தானே எழுந்து வந்தது. எந்தக் கழிவுத்தொட்டி இங்கே வந்தாலும் அது காயலுக்குள்ளேயேதான் உட்காரும். அவசரம் பக்கத்தில் நின்று, "சரியா இருக்கில்ல அண்ணி?" என்று கேட்டான். அவள் குழி இருக்கிறது என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். குழி இருந்ததே.

தடை நடைமுறைக்கு வந்தது. அதே வாரம் மழையும் வந்தது.

குழிகள் நிரம்பின, ஓரங்கள் சரிந்தன, குவித்து வைத்த மணலும் சேறும் தெருவழியாக ஓடிக் காயலில் இறங்கின. கயிற்றுக்காரன் படகை எடுத்துக்கொண்டு போய் ஒரு கயிற்றை இழுத்தான். சேறு போர்த்திய சிப்பிகள் வாயைப் பிளந்து தொங்கின. ஒன்றை விரலால் தட்டினான். உயிருள்ள சிப்பி தட்டினால் மூடிக்கொள்ளும். மூடவில்லை. அடுத்த கயிறும் அப்படித்தான். எல்லாக் கயிறுகளையும் அவன் இழுத்துப் பார்க்கவில்லை. பாதியிலேயே கரைக்குத் திரும்பி, படகைக் கட்டாமல் உட்கார்ந்திருந்தான்.

ஊரோ வெற்றியைக் கொண்டாடியது. தடை வந்த பிறகு காயல் கரையில் ஒரே ஒரு புது அனுமதிகூடக் கொடுக்கவில்லை என்று தலைவர் மேடையில் சொன்னார். உண்மை. கேட்பதற்கு ஆளே மிச்சமில்லை. பக்கத்து ஊர்களிலிருந்து அதிகாரிகள் வந்து, இதை எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வந்தவர்களுக்குக் கோட்டக்காவை அறிமுகப்படுத்தினார்கள். அவள் கை கொடுத்தாள். அப்போது ஜன்னலுக்கு வெளியே பொக்லைன் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அலமாரி மறைத்ததால் யாருக்கும் தெரியவில்லை.

படகுத்துறையில் சோதனைக்காரரைப் பார்த்தபோது அவர் சிரிக்கவில்லை.

"இன்னும் ஏதாவது பண்ணலாமா தம்பி?"

"நிலையம் வந்தா பண்ணலாம். வராம பண்ண முடியாது." பாட்டிலை மூடி ஐஸ் பெட்டியில் வைத்தார். "குறைஞ்சபட்சம் தடையையாவது விட்டுடாதீங்க அக்கா. குழி வெட்டினவன்ல பாதிப் பேர்கிட்ட கட்டறதுக்குக் காசு இல்ல. தொடங்கினாலும் கட்டி முடிக்க ஒரு கெடு உண்டுல்ல, அது தாண்டி அவங்க அனுமதி காலாவதி ஆகட்டும். தடை நின்னா மறுபடி வாங்க முடியாது. நாலஞ்சு வருஷம் நின்னா ஏதோ கொஞ்சம் மிஞ்சும்."

ஏதோ கொஞ்சம். அதைப் பிடித்துக்கொண்டு அவள் கொஞ்ச காலம் ஓட்டினாள். காலாவதியாகப்போகும் அனுமதிகளைத் தனியாக எடுத்து வைத்தாள். கயிற்றுக்காரனிடம் சொன்னாள். அவன் தலையாட்டினான்; புதுக் கயிற்றைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த தேர்தலுக்கு முன்னால் ஒருநாள் காலை, ஊருக்கு வெளியே முள்காட்டில் பந்தல் போட்டார்கள். ஒலிபெருக்கி, நாற்காலிகள், புகைப்படக்காரர். தலைவர் புது மண்வெட்டியை வாங்கி, சிரித்துக்கொண்டே நாலு வெட்டு வெட்டினார். மீதியை ஆட்கள் வெட்டினார்கள். ஒரு மூலையில், முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பணமும் ஒதுக்கவில்லை, வரைபடமும் இல்லை, ஒப்பந்தக்காரரும் இல்லை.

"கோட்டம்மா, வாங்க. அளந்துடுங்க."

அவளுக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. வேலை தொடங்கும்வரை தடை. வேலை தொடங்கியதற்கு அடையாளம் மூலைக்குழி. அவள் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இது வேலை தொடங்கினது இல்ல சார்."

"அளந்தே பார்க்கலியே?"

"அளக்க வேண்டியதில்ல. பின்னால ஒண்ணுமே இல்லாத குழி இது."

"உங்க கொழுந்தன் குழிக்குப் பின்னால அப்ப என்ன இருந்தது?" குழைவான குரலில்தான் கேட்டார். "அதுக்குக் கையெழுத்துப் போட்டீங்களா இல்லையா? பின்னால என்ன இருக்குன்னு பார்க்கறதுன்னா எல்லாக் குழியையும் பார்க்கலாம். எல்லாத்தையும் ரத்து பண்ணலாம். முதல்ல அந்தப் பஸ் டிரைவர் வீட்லருந்து ஆரம்பிப்போமா? இப்பதான் கூரை போட்டிருக்கான், பாவம்."

ஒரே விதியை ஏழைக்கு ஒரு மாதிரியும் இவருக்கு வேறு மாதிரியும் படிக்க அவளே ஒருநாளும் சம்மதித்திருக்க மாட்டாள். அப்படிப் படிக்கக் கூடாது என்பதற்காகத்தானே அந்த விதி. அளவுகோலை மடக்கிப் பைக்குள் போட்டாள். "நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள். காரணம் சொல்ல முடியவில்லை. போட மட்டும் முடியாது என்று தெரிந்தது. முள்காட்டு வெயிலில் நடந்தே வந்தாள்.

மதியத்துக்குள் அவளுடைய உதவியாளர் கையெழுத்துப் போட்டார். பிள்ளை குட்டிக்காரர், அவரை அவள் குறை சொல்லவில்லை. மாலையில் தடை முடிந்தது. மறுவாரம் அவளை நாய் உரிமப் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த அறையில் ஜன்னல் உண்டு, நல்ல வெளிச்சம். நாயின் நிறம், வயது, ஊசி போட்டதா என்று கேட்டு எழுத வேண்டும். வருகிறவர்கள் இன்னும் கோட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். "என் நாய்க்கும் கோடு போடுவீங்களா அக்கா?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்.

முள்காட்டுக் குழியில் மழைத்தண்ணீர் தேங்கியது. பிறகு குப்பை கொட்டினார்கள். பிறகு குழி இருந்த இடம் தெரியவில்லை.

அவசரம் நாலு அறைக்குப் பதிலாக எட்டு அறை கட்டினான். விடுமுறை நாளில் அவனுடைய தொட்டி வழிந்தது, எல்லாருடையதும் வழிந்தது. "கடல் பாத்துக்கும்" என்று அவனும் சொல்லக் கற்றுக்கொண்டான். கயிற்றுக்காரன் மிதவைகளை அவிழ்த்துக் கரையில் போட்டான். படகுத்துறையில் பராமரிப்பு வேலை காலியாக இருந்தது. பலகைக்கு ஆணி அடிப்பது, சங்கிலிக்கு எண்ணெய் போடுவது. அதில் சேர்ந்துகொண்டான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவனுக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு அவள் படகுத்துறைக்குப் போனாள். அவன் ஏணியில் நின்று கம்பத்தின் உச்சியில் ஏதோ செய்துகொண்டிருந்தான். இறங்கி வந்ததும் கைகளைப் பார்த்தாள். விரல்களிலெல்லாம் சிவப்பு.

"என்னங்க இது?"

"துணிக் கொடி காத்துல கிழிஞ்சுட்டே இருக்கு. ஏத்தி இறக்கினாத்தான கயிறு வேணும், இனிமே எதுக்குன்னு சொல்லிட்டாங்க. தகரத்துல வெட்டி ஆணி அடிச்சிட்டேன்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். தகரக் கொடி. காற்று வீசியது, அது அசையவில்லை. ஏணியடியில் பெயிண்ட் டப்பாவும், கம்பத்திலிருந்து அவிழ்த்துச் சுருட்டி வைத்த பழைய கொடிக்கயிறும் கிடந்தன.

அவன் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். நகக்கண்ணில் இருந்தது போகவில்லை. தேநீரை வாங்கிக்கொண்டான்.

"ரெண்டு கோட்டிங் அடிச்சிருக்கேன்" என்றான். "நம்ம காலத்துக்கு வெளுக்காது."